அணுக்கள் எலெக்ட்ரான்களை இழப்பதும் ஏற்பதும்

நாம் உணவில் இடும் உப்பு, சோடியம், குளோரின் என்னும் இரண்டு தனிமங்கள் கூடிய சேர்மம் ஆகும். இவற்றுள் சோடியம் கத்தியால் வெட்டத்தக்க மென்மையான உலோகம். அதன் சிறு துண்டு ஒன்றை நீரில் இட்டால் அது சீறிக்கொண்டு நீர்ப்பரப்பில் ஓடும். சிலபோது தீப்பற்றியும் எரியும். ஆதலின் அதனை மண்ணெண்ணெயில் மூழ்க வைத்துப் பாதுகாப்பர். குளோரின், பசுமை கலந்த மஞ்சள் நிறமுள்ள நச்சு வாயு. 1915ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டின் ஈப்பர் போர்முனையில் அது படைக்கலமாகப் பயன்படுத்தப்பட்டது. நீரில் எரியும் உலோகமும் உயிரைக் கொல்லும் வாயுவும் கூடிப் பிறந்த பொருளை மக்கள் நாள்தோறும் உண்டு நலமாக வாழ்கின்றனர். இது எவ்வாறு இயலும் என்று மாணாக்கர் ஆசிரியரை வினவுவது இயல்பே.

களப் பணியாளரிடம் உழவர் கேட்கும் வினா ஒன்றும் உண்டு. களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் இடவேண்டும். அதிலுள்ள கால்சியமே மண்ணைத் திருத்தும் என்று பணியாளர் கூறுகிறார். ‘இந்நிலத்தைத் தோண்டினால் ஒரு முழ ஆழத்திலேயே சுக்கான் கல் கிடைக்கிறது, அதுவும் கால்சியந்தானே? அவ்வளவு கால்சியம் மண்ணிலேயே இருக்க, மேலும் ஏன் விலை கொடுத்து வாங்கவேண்டும்?’ என்று உழவர் கேட்கிறார். மாணாக்கரின் வினாவும் உழவரின் வினாவும் வேறுவேறாகத் தோன்றினும் இரண்டிற்கும் விடை ஒன்றே. ஒரு தனிமம் எவ்வளவு உள்ளது என்பது மட்டும் போதாது; அதன் அணுக்கள் எந்நிலையில் உள்ளன, எவற்றோடு பிணைந்துள்ளன என்பதையும் அறிதல் வேண்டும்.

அணுவின் அமைப்பு

ஒவ்வோர் அணுவின் நடுவிலும் மிகச் சிறிய கரு ஒன்று உண்டு. அதில் நேர்மின்னூட்டமுள்ள புரோட்டான்களும் மின்னூட்டமற்ற நியூட்ரான்களும் அடங்கியுள்ளன. கருவைச் சூழ்ந்து எதிர்மின்னூட்டமுள்ள எலெக்ட்ரான்கள் உள்ளன. புரோட்டான்களும் எலெக்ட்ரான்களும் எண்ணிக்கையில் சமமாக இருப்பதால் அணு மின் நடுநிலையில் இருக்கிறது. ஓர் அணு சோடியமா, குளோரினா என்பதை உறுதி செய்வது புரோட்டான்களின் எண்ணிக்கை. அது பிற அணுக்களோடு எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை உறுதி செய்வன எலெக்ட்ரான்கள். அவற்றுள்ளும் சிறப்பாகப் புறக்கூட்டில் உள்ளவை.

எலெக்ட்ரான்கள் கூடுகளாக அமைந்துள்ளன. சோடியத்தின் 11 எலெக்ட்ரான்கள் 2, 8, 1 என்றும், குளோரினின் 17 எலெக்ட்ரான்கள் 2, 8, 7 என்றும், கால்சியத்தின் 20 எலெக்ட்ரான்கள் 2, 8, 8, 2 என்றும் அமைகின்றன. கூடுகள் என்பது விளக்கத்தின் எளிமைக்காகக் கூறப்படுவது. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல எலெக்ட்ரான்கள் குறித்த பாதைகளில் ஓடுகின்றன என்று மாணாக்கர் கருதிவிடாதவாறு ஆசிரியர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒரே அளவான ஆற்றல் நிலைகளில் உள்ள எலெக்ட்ரான்களின் தொகுதியையே கூடு என்கிறோம்.

மந்த வாயுக்கள் காட்டிய வழி

1894ஆம் ஆண்டில் ராலே, ராம்சே என்னும் அறிஞர் இருவர் காற்றிலிருந்து ஆர்கான் என்னும் வாயுவைப் பிரித்தனர். எப்பொருளோடும் அது சேர மறுத்தது. அடுத்த ஆண்டில் ராம்சே ஹீலியத்தைக் கனிமம் ஒன்றிலிருந்து பெற்றார்; பின்னர் நியான், கிரிப்டான், செனான் ஆகியவையும் அறியப்பட்டன. இவற்றின் எலெக்ட்ரான் அமைப்பை ஆராய்ந்தபோது ஓர் ஒழுங்கு புலப்பட்டது. ஹீலியத்தில் 2 எலெக்ட்ரான்கள் உள்ளன. ஏனையவற்றின் புறக்கூட்டில் 8 எலெக்ட்ரான்கள் உள்ளன.

இவ்வொழுங்கைக் கொண்டு 1916ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கோசெல் ஒரு விளக்கம் தந்தார். மந்த வாயுக்களுக்கு அண்மையிலுள்ள தனிமங்களின் அணுக்கள் சில எலெக்ட்ரான்களை இழந்தோ ஏற்றோ அவ்வாயுக்களின் எலெக்ட்ரான் அமைப்பை அடைகின்றன என்பது அது. அதே ஆண்டில் அமெரிக்க அறிஞர் லூயிஸ், இரண்டு அணுக்கள் எலெக்ட்ரான்களை இணை இணையாகப் பகிர்ந்துகொண்டும் அந்நிலையை அடையலாம் என்று காட்டினார். நீர், சர்க்கரை, எண்ணெய் முதலியவற்றின் மூலக்கூறுகள் பகிர்வினால் ஆனவை. உப்பு, சுண்ணாம்புக் கல் முதலியவற்றில் இழப்பும் ஏற்பும் நிகழ்ந்துள்ளன.

எலெக்ட்ரானை இழந்த அல்லது ஏற்ற அணுவுக்கு அயனி என்று பெயர். சோடியம் ஓர் எலெக்ட்ரானை இழந்தால் எஞ்சுவன 10 எலெக்ட்ரான்கள். அது நியானின் அமைப்பு. ஆனால் கருவில் 11 புரோட்டான்கள் இருப்பதால் ஒரு நேர்மின்னூட்டம் மிகுந்து நிற்கிறது. குளோரின் ஓர் எலெக்ட்ரானை ஏற்றால் 18 எலெக்ட்ரான்கள் ஆகும். அது ஆர்கானின் அமைப்பு. ஓர் எதிர்மின்னூட்டம் மிகுந்து நிற்கிறது. சோடிய அயனியைச் சோடிய உலோகம் என்று கருதுதல் தவறு. நீரைத் தாக்குவதற்குக் காரணமான எலெக்ட்ரான் அதனிடம் இப்போது இல்லை. குளோரைடு அயனியும் அவ்வாறே. பிற பொருள்களிடமிருந்து பறிக்க வேண்டிய எலெக்ட்ரானை அது முன்பே பெற்றுவிட்டது. உப்பை அச்சமின்றி உண்ண முடிவதன் காரணம் இதுவே.

வரவும் செலவும்

சோடியம் தன் எலெக்ட்ரானைக் கொடுக்க ‘விரும்புகிறது’ என்று பாடநூல்களிலும் வகுப்பறைகளிலும் கூறுவதுண்டு. நினைவில் நிறுத்த இது உதவும். ஆனால் உண்மை அதுவன்று. எந்த அணுவும் தன் எலெக்ட்ரானை எளிதில் விடுவதில்லை. 23 கிராம் எடையுள்ள சோடிய ஆவியின் அணுக்கள் அனைத்திலிருந்தும் ஒவ்வோர் எலெக்ட்ரானை நீக்க 496 கிலோஜூல் ஆற்றலைச் செலவிடல் வேண்டும். 35.5 கிராம் குளோரின் அணுக்கள் அவ்வெலெக்ட்ரான்களை ஏற்கும்போது வெளிப்படும் ஆற்றல் 349 கிலோஜூல் மட்டுமே. வரவைவிடச் செலவு 147 கிலோஜூல் மிகுதி. தொலைவில் தனித்து நிற்கும் சோடிய அணுவும் குளோரின் அணுவும் இக்கணக்கின்படி எலெக்ட்ரானைக் கைமாற்றிக்கொள்ளமாட்டா.

அவ்வாறாயின் உப்பு எப்படி உண்டாகிறது? விடை, அயனிகளின் ஈர்ப்பில் உள்ளது. நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் நெருங்கிப் படிகமாக அடுக்கப்படும்போது, ஒவ்வொரு சோடிய அயனியையும் ஆறு குளோரைடு அயனிகளும், ஒவ்வொரு குளோரைடு அயனியையும் ஆறு சோடிய அயனிகளும் சூழ்ந்துகொள்கின்றன. இவ்வடுக்கம் நிகழும்போது 787 கிலோஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. முழுக் கணக்கு பின்வருமாறு அமையும். திண்ம உலோகத்தை ஆவியாக்க 108, எலெக்ட்ரானை நீக்க 496, குளோரின் மூலக்கூறுகளை அணுக்களாகப் பிரிக்க 121, ஆக மொத்தச் செலவு 725 கிலோஜூல். குளோரின் எலெக்ட்ரானை ஏற்பதால் 349, படிகம் உருவாவதால் 787, ஆக மொத்த வரவு 1136 கிலோஜூல். மிச்சமான 411 கிலோஜூல் வெப்பமாக வெளிப்படுகிறது. 58.5 கிராம் உப்பு அதனுடைய தனிமங்களிலிருந்து உண்டாகும்போது அளக்கப்படும் வெப்பம் இதுவே.

ஆகவே, நிலைபேறு என்பது தனி அணு ஒன்றின் விருப்பத்தால் அமைவதன்று. அணுவும் அதன் சூழலும் சேர்ந்த ஆற்றல் கணக்கால் அமைவது. எட்டு எலெக்ட்ரான்கள் என்னும் விதி இக்கணக்கின் விளைவைச் சுருக்கிக் கூறும் வாய்பாடு ஆகும்.

இழப்பு எங்கே நிற்கிறது?

சோடியம் ஓர் எலெக்ட்ரானோடு நின்றுவிடுவதும், கால்சியம் இரண்டை இழப்பதும் இக்கணக்கினாலேயே விளங்கும். சோடியத்தின் புறத்தேயுள்ள ஒற்றை எலெக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையே 10 எலெக்ட்ரான்கள் நின்று கருவின் ஈர்ப்பில் பெரும்பகுதியை மறைத்துவிடுகின்றன. அதனால் 496 கிலோஜூலில் அதனை நீக்க முடிகிறது. இரண்டாவது எலெக்ட்ரானோ உட்கூட்டைச் சேர்ந்தது. கருவுக்கு அண்மையில் வலிய பிடியில் உள்ளது. அதனை நீக்க 4,562 கிலோஜூல், அதாவது ஒன்பது மடங்குக்கும் மேல், வேண்டும். எப்படிகத்தின் ஈர்ப்பும் இச்செலவை ஈடுசெய்யப் போதாது.

கால்சியத்தின் முதல் எலெக்ட்ரானுக்கு 590, இரண்டாவதற்கு 1,145, மூன்றாவதற்கு 4,912 கிலோஜூல் செலவாகும். முதல் இரண்டின் செலவையும் இரட்டை மின்னூட்டத்தின் வலிய ஈர்ப்பு ஈடுசெய்துவிடுகிறது. மூன்றாவதற்கு ஈடு இல்லை. ஆகவே மண்ணிலும் நீரிலும் எலும்பிலும் கால்சியம் எப்போதும் இரண்டு நேர்மின்னூட்டமுள்ள அயனியாகவே காணப்படுகிறது.

சூழல் மாறினால் விடையும் மாறும் என்பதற்கு இந்திய அறிஞர் மேகநாத சாகாவின் ஆராய்ச்சி சிறந்த சான்று. சூரியனின் நிறமண்டலத்திலிருந்து வரும் ஒளியில், ஒரே ஓர் எலெக்ட்ரானை மட்டும் இழந்த கால்சியத்தின் கோடுகள் வலிவாகத் தோன்றுகின்றன. அந்நிலையில் கால்சியத்தின் புறக்கூட்டில் எட்டும் இல்லை. மந்த வாயுவின் அமைப்பும் இல்லை. ஆயினும் உயர்ந்த வெப்பமும் குறைந்த அழுத்தமும் நிலவும் அவ்விடத்தில் அதுவே மிகுந்து காணப்படுகிறது. வெப்பநிலை, அழுத்தம், எலெக்ட்ரானை நீக்கும் ஆற்றல் ஆகியவற்றைக் கொண்டு அணுக்களில் எத்தனை பங்கு அயனிகளாக இருக்கும் என்று கணக்கிடும் சமன்பாட்டைச் சாகா 1920ஆம் ஆண்டில் வெளியிட்டார். விண்மீன்களின் ஒளியிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறியும் வழி அதனால் திறந்தது.

எட்டு என்னும் எண்ணின் எல்லை

எட்டு என்னும் விதி எல்லாத் தனிமங்களுக்கும் பொருந்தாது. இரும்பு இரண்டு எலெக்ட்ரான்களை இழந்து ஃபெரஸ் அயனியாகவும், மூன்றை இழந்து ஃபெரிக் அயனியாகவும் ஆகிறது. இவ்விரண்டின் புறக்கூட்டிலும் முறையே 14, 13 எலெக்ட்ரான்கள் உள்ளன, எட்டு இல்லை. எது நிலைக்கும் என்பது சூழலைப் பொறுத்தது. நீர் தேங்கிய நெல்வயலில் காற்று புகாமையால், நுண்ணுயிர்கள் தாம் சிதைக்கும் தழை மக்குகளின் எலெக்ட்ரான்களை ஃபெரிக் இரும்புக்கு அளித்து அதனை ஃபெரஸ் இரும்பாக மாற்றுகின்றன. அது நீரில் கரைந்து வேருக்குக் கிட்டுகிறது. காற்றோட்டமுள்ள சுண்ணாம்பு நிலத்தில் இரும்பு ஃபெரிக் நிலையில் கரையாது கிடக்கிறது. இரும்பு மிகுந்த மண்ணிலேயே இளந்தழை வெளுத்து நிற்பதைக் காணலாம். மந்த வாயுக்களும் முற்றிலும் மந்தமானவை அல்ல. 1962ஆம் ஆண்டில் பார்ட்லெட் என்னும் அறிஞர் செனானின் சேர்மம் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கினார்.

களர் நிலத்தில் அயனிகள்

இனி உழவரின் வினாவுக்கு வருவோம். இந்தியாவில் உப்பினால் கெட்ட நிலங்கள் ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் என்றும், அவற்றுள் 37 லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்டவை களர் நிலங்கள் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. கங்கைச் சமவெளியில் இவற்றை ‘ஊசர்’ என்றும், பஞ்சாபில் ‘கல்லர்’ என்றும் வழங்குவர்.

களிமண்ணின் நுண்துகள்கள் எதிர்மின்னூட்டம் உடையவை. அவற்றின் படிக அமைப்பில் சிலிக்கானின் இடத்தில் அலுமினியமும், அலுமினியத்தின் இடத்தில் மக்னீசியமும் ஆங்காங்கே அமைந்திருப்பதால் நேர்மின்னூட்டம் குறைபடுகிறது. அக்குறையை ஈடுசெய்ய நேர்மின் அயனிகள் துகள்களின் பரப்பைச் சூழ்ந்து நிற்கின்றன. நல்ல மண்ணில் அவற்றுள் பெரும்பான்மையானவை கால்சிய அயனிகள். இரட்டை மின்னூட்டமுடைய அவை துகளை நெருங்கி நிற்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பொலபொலப்பான கட்டிகளாகின்றன. காற்றும் நீரும் புகுவதற்கு இடைவெளி உண்டாகிறது. சோடிய அயனிகள் ஒற்றை மின்னூட்டமுடையவை. நீர் மூலக்கூறுகளைச் சூழவிட்டுக்கொண்டு துகளிலிருந்து அகன்று பரவி நிற்பவை. இவ்வாறு பரிமாற்றத்துக்குரிய அயனிகளில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் சோடியமாகிவிட்டால் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிப் பிரிந்து, மண்ணின் துளைகளை அடைத்துவிடுகின்றன. மழை பெய்தால் நீர் இறங்காது சேறாக நிற்கும். காய்ந்தால் கல்லாக இறுகும். சோடியக் கார்பனேட்டு இருப்பதால் பி.எச். அளவும் 8.5க்கு மேல் ஏறிவிடும்.

மருந்து யாதெனில், சோடிய அயனிகளைப் பெயர்த்து அவற்றின் இடத்தில் கால்சிய அயனிகளை அமர்த்துவதே. அதற்குக் கால்சிய அயனிகள் மண்நீரில் விடுபட்டு நடமாடல் வேண்டும். சுக்கான் கல் கால்சியக் கார்பனேட்டு ஆகும். அதன் படிகத்தில் கால்சிய அயனியைக் கார்பனேட்டு அயனி வலிவாகப் பற்றியுள்ளது. நீரின் ஈர்ப்பு அப்பிடியை வெல்வதில்லை. ஒரு லிட்டர் தூய நீரில் அது நூறில் ஒரு பங்கு கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே கரையும். களர் நிலத்திலோ கார்பனேட்டு அயனிகள் முன்பே மிகுந்திருப்பதால், விடுபடும் சிறிதளவு கால்சியமும் உடனே பற்றப்பட்டு மீண்டும் கல்லாகிவிடுகிறது. ஜிப்சம் கால்சியச் சல்பேட்டு ஆகும். ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ இரண்டரை கிராம் கரையும். சுக்கான் கல்லில் உள்ள கால்சியம் பூட்டிய பெட்டியிலுள்ள பணம் போன்றது. ஜிப்சத்தில் உள்ளது கைப்பணம் போன்றது. உழவரின் வினாவுக்கு விடை இதுவே.

ஜிப்சத்தின் கால்சியம் களிமண் துகள்களில் சோடியத்தின் இடத்தைப் பெறுகிறது. பெயர்ந்த சோடியம் சல்பேட்டு அயனியோடு கரைந்த நிலையில் நிற்கிறது. அதனை நீரால் கீழே கழுவி இறக்காவிட்டால் செய்த பணி வீணாகும். ஆதலின் நிலத்தை மட்டப்படுத்தி, வரப்பைப் பலப்படுத்தி, ஜிப்சத்தை மேல்மண்ணில் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் கலந்து, நீரைத் தேக்கி வைத்தல் வேண்டும். கடுமையான களர் நிலங்களில் ஹெக்டேருக்கு 10 முதல் 15 டன் வரை ஜிப்சம் தேவைப்படும். சரியான அளவை மண் பரிசோதனையைக் கொண்டே உறுதி செய்தல் வேண்டும். 1969ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மத்திய மண் உவர்த்தன்மை ஆராய்ச்சி நிலையம், கர்னாலில் இம்முறையை வகுத்து, வட மாநிலங்களில் பரப்புவதற்கு வழிகாட்டியது. முதற் பயிராக நெல்லை நடுதல் நன்று. தேங்கும் நீரை அது தாங்கும். அதன் வேர்கள் விடும் கரியமில வாயு, நாளடைவில் சுக்கான் கல்லையும் சிறிது சிறிதாகக் கரைத்து, பூட்டிய கால்சியத்தையும் விடுவிக்கும். தக்கைப்பூண்டைப் பசுந்தாளாக மடக்கி உழுவதும் இவ்வாறே பயன் தரும்.

ஓர் எச்சரிக்கை. வெண்மையாக உப்புப் பூத்த நிலமெல்லாம் களர் நிலமன்று. உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருப்பினும் களிமண் துகள்களைச் சோடியம் ஆட்கொண்டிருப்பதில்லை. அங்கு வடிகால் அமைத்து நல்ல நீரால் கழுவினால் போதும்; ஜிப்சத்துக்குச் செலவிடும் பணம் வீண். பரிசோதனையின்றி ஜிப்சம் பரிந்துரைப்பது உழவரின் பொருளுக்கும் பணியாளரின் சொல்லுக்கும் இழப்பாகும்.

வகுப்பில் செய்து காட்டத்தக்க சோதனை

இவ்வேறுபாட்டை மாணாக்கரும் உழவரும் கண்ணாரக் காணச் செய்யலாம். களிமண்ணை மழைநீரில் நன்கு கலக்கிச் சிறிது நேரம் வைத்தால் மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் கலங்கல் நீரை மூன்று கண்ணாடிக் குவளைகளில் சமமாக ஊற்றுக. முதலாவதில் ஒன்றும் சேர்க்க வேண்டா. இரண்டாவதில் சலவைச் சோடா ஒரு சிட்டிகையும், மூன்றாவதில் ஜிப்சப் பொடி ஒரு தேக்கரண்டியும் இட்டுக் கலக்கி, அசையாது வைக்க. பாரிஸ் சாந்தால் செய்த சுண்ணக்கட்டியைப் பொடி செய்தாலும் ஜிப்சம் கிடைக்கும். மூன்றாவது குவளையில் துகள்கள் திரண்டு படிந்து நீர் முதலில் தெளியும். சோடா இட்ட குவளை மறுநாளும் கலங்கியே நிற்கும். கிணற்று நீரில் கால்சியம் முதலிய அயனிகள் கலந்திருக்கலாமாதலின் மழைநீரையே பயன்படுத்துதல் நலம்.

முதலில் குவளைகளைக் காட்டி, காரணத்தை மாணாக்கரையே எண்ணச் செய்து, அதன் பின்னர் எலெக்ட்ரான் கணக்கைக் கரும்பலகையில் எழுதினால் பாடம் மனத்தில் பதியும். கால்சியம் இழந்த இரண்டு எலெக்ட்ரான்களுக்கும் சோடியம் இழந்த ஓர் எலெக்ட்ரானுக்கும் உள்ள வேறுபாடே, தெளிந்த குவளைக்கும் கலங்கிய குவளைக்கும், விளையும் வயலுக்கும் விளையாத வயலுக்கும் உள்ள வேறுபாடு என்பதை அவர்கள் தாமே உணர்வர்.